சக்தி நுண்செயலித் திட்டம்

சக்தி என்பது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.டி.) வடிவமைக்கப்பட்டு வரும் நுண்செயலிக் குடும்பத்தின் பெயர். அக்கழகத்தின் கணினி அறிவியல், பொறியியல் துறையைச் சேர்ந்த ரைஸ் ஆய்வுக் குழு 2014-ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. பேராசிரியர் வி. காமகோடி இதற்குத் தலைமை ஏற்றார். சிறிய உணர்விக் கருவிகள் முதல் மேசைக்கணினி, பணிநிலையம், சர்வர் வரை பல நிலைகளுக்கும் ஏற்ற செயலிகளை இந்தியாவிலேயே வடிவமைத்து, அவ்வடிவமைப்புகளை எவரும் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிடுவது இதன் நோக்கம்.

இத்திட்டத்தின் வழியாகப் பல சில்லுகள் உருவாகி இயங்கியுள்ளன. அவற்றில் லினக்ஸ் இயங்குதளமும் இயக்கிக் காட்டப்பட்டுள்ளது. எனினும் உயர்திறன் மேசைக்கணினி என்னும் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. ஒரு நாடு தன் கணினியின் இதயத்தைத் தானே செய்ய முயலும்போது எவையெல்லாம் தேவைப்படுகின்றன, எங்கே தடை ஏற்படுகிறது என்பதை அறிய இத்திட்டத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

மேசைக்கணினித் தளம்

மேசைக்கணினியை ஒரு தனிப் பொருளாகவே நாம் பார்க்கிறோம். உண்மையில் அது பல பொருள்களின் கூட்டு. நடுவில் நுண்செயலி இருக்கும். அதைத் தாங்கும் தாய்ப்பலகை, செயலி வேலை செய்யும்போது தரவுகளை வைத்துக்கொள்ளும் நினைவகம், நிலையாகச் சேமிக்கும் வட்டு, திரைக்குப் படம் அனுப்பும் வரைகலைப் பகுதி, இவற்றை இணைக்கும் தடங்கள், மின்வழங்கி ஆகியன அதைச் சூழ்ந்திருக்கும். இவையனைத்தும் ஒன்றோடொன்று பேசுவதற்கு வகுக்கப்பட்ட விதிகளையும் சேர்த்தே வன்பொருள் தளம் என்கிறோம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதில் இன்டெல் 8088 செயலி இருந்தது. அதன் அமைப்பைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினாலும் ஒரே மென்பொருள் ஓடும் நிலை உருவானது. 1978-இல் வந்த இன்டெல் 8086 செயலியிலிருந்து தொடங்கும் அந்த வரிசைக்கு எக்ஸ்86 என்று பெயர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மேசைக்கணினி உலகில் அவ்வரிசையே முதலிடத்தில் உள்ளது. பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1985-இல் உருவாக்கிய ஆர்ம் செயலி பின்னாளில் கைப்பேசிகளைப் பிடித்துக்கொண்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் எம்1 சில்லு வெளிவந்தபின் ஆர்ம் வழிச் செயலிகள் உயர்திறன் மேசைக்கணினியிலும் இடம்பிடித்தன.

பின்னணி

இந்தியாவில் கணினி செய்யும் முயற்சி புதிதன்று. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் என்னும் கணினி உருவாக்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள அரசு நிறுவனமான இசிஐஎல் 1969-இல் டிடிசி-12 என்னும் கணினியை உருவாக்கியது. 1976-இல் ஷிவ் நாடார் தம் நண்பர்களுடன் எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் திருச்செந்தூர் வட்டாரத்தில் பிறந்து, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1978-இல் அந்நிறுவனம் தன் முதல் நுண்கணினியை வெளியிட்டது. அதே ஆண்டில் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தை இந்திய நிறுவனங்கள் நிரப்பின.

1980-களில் இந்திய நிறுவனங்கள் மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளைக் கொண்டு யூனிக்ஸ் கணினிகளைச் செய்தன. இன்டெல் செயலிகளைக் கொண்டு தனியாள் கணினிகளைச் செய்தன. பலகையை வடிவமைப்பது, பாகங்களைக் கோப்பது, மென்பொருள் எழுதுவது ஆகியவற்றில் இங்குள்ள பொறியாளர்கள் தேர்ச்சி பெற்றனர். ஆனால் நடுவில் இருந்த சில்லு எப்போதும் வெளிநாட்டிலிருந்தே வந்தது.

அமெரிக்காவின் கிரே நிறுவனத்திடமிருந்து மீக்கணினி வாங்க முயன்றபோது இந்தியாவுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அதன் பிறகு 1988-இல் சி-டாக் என்னும் அரசு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அம்மையம் 1991-இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியது. பல செயலிகளை இணைத்து ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்ய வைக்கும் அறிவு அதில் இந்தியாவினுடையது. அதிலிருந்த டிரான்ஸ்பியூட்டர் செயலிகளோ பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்தின் படைப்பு.

சில்லு செய்யும் ஆலைக்கும் ஒரு வரலாறு உண்டு. பஞ்சாபில் சண்டிகருக்கு அருகிலுள்ள மொகாலியில் 1984-இல் குறைக்கடத்தி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் ஏற்பட்ட தீ விபத்து அந்த ஆலையை அழித்தது. அதை மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகின் சில்லுத் தொழில் பல தலைமுறை முன்னேறிவிட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பரளச்சி, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியின் ஊர்களுக்கும் கணினி வந்து சேர்ந்தது. வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொட்டவர்கள் அந்த மாணவர்கள். சக்தி திட்டம் தொடங்கிய காலத்தில் இந்திய மாணவர் ஒருவர் கையில் இருந்த மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் இயங்கியவை வெளிநாட்டு நிறுவனங்களின் செயலிகளே.

கட்டளைத் தொகுதியும் விதையும்

செயலி தனக்கு இடப்படும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் கருவி. 'இந்த இரண்டு எண்களைக் கூட்டு', 'இதை நினைவகத்தில் வை', 'இது சுழியமாக இருந்தால் அங்கே போ' என்பன போன்ற எளிய கட்டளைகள் அவை. ஒரு செயலி எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும், அவை எந்த வடிவில் எழுதப்பட வேண்டும் என்னும் விதிகளின் தொகுப்பே கட்டளைத் தொகுதி. மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையிலான மொழி அது. எக்ஸ்86 மொழியில் எழுதப்பட்ட நிரல் ஆர்ம் செயலியில் நேரடியாக ஓடாது.

அந்த மொழி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல் உள்ளது. எக்ஸ்86 கட்டளைத் தொகுதியின் உரிமை இன்டெல், ஏஎம்டி போன்ற மிகச் சில நிறுவனங்களின் கையில் உள்ளது. ஆர்ம் தொகுதியைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால், அதை நம்பிச் செய்த வேலை பாதியில் நின்றுவிடும்.

பரளச்சி, அருப்புக்கோட்டை வட்டார உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கம்பும் குதிரைவாலியும் விதைத்தவர்கள் அறுவடையில் நல்ல கதிர்களைத் தேர்ந்து, உலர்த்தி, அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்து வைத்தார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார்கள். வீரிய ஒட்டு விதை வந்தபின் விளைச்சல் கூடியது. ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் விதையைக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. மழை பெய்த நாளில் கடையில் விதை இல்லாவிட்டால் நிலம் தரிசாகக் கிடக்கும். உரிமம் பெற்ற கட்டளைத் தொகுதி கடை விதையைப் போன்றது. திறந்த கட்டளைத் தொகுதி வீட்டு விதையைப் போன்றது.

இந்த வீட்டு விதை 2010-ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது. கிரிஸ்டே அசனோவிச், ஆண்ட்ரூ வாட்டர்மேன், யன்சப் லீ ஆகியோரும், 1980-களின் தொடக்கத்தில் ரிஸ்க் என்னும் எளிய கட்டளை முறைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான டேவிட் பேட்டர்சனும் ஒரு புதிய தொகுதியை வகுத்தனர். பெர்க்லியின் ஐந்தாம் ரிஸ்க் வடிவம் என்பதால் அதற்கு ரிஸ்க்-ஃபைவ் என்று பெயர் வந்தது. இதன் 32 பிட் அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகளே உள்ளன. பெருக்கல், பதின்ம எண் கணக்கு போன்றவை வேண்டுமானால் தனித்தனி நீட்சிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் கட்டணமின்றி இதைப் பயன்படுத்திச் செயலி செய்யலாம். 2015-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. எந்த ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையும் இதைப் பாதிக்கக்கூடாது என்னும் கவலை எழுந்ததால், 2020-இல் அவ்வமைப்பு சுவிட்சர்லாந்துக்கு மாற்றப்பட்டது.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விதை இலவசம் என்பதால் விளைச்சலும் இலவசமாகிவிடாது. கட்டளைத் தொகுதி என்பது விதிப் புத்தகம் மட்டுமே. அவ்விதிகளின்படி இயங்கும் மின்சுற்றை வடிவமைப்பதும், அதைச் சில்லாக வார்ப்பதும் தனி உழைப்பு.

சென்னையில் தொடக்கம்

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்டது. 1973-இல் அங்கு ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தச் சென்னைக்கு வந்தனர். அக்கழகத்தில் கணினி அறிவியல் கல்வி வேரூன்ற அது துணைசெய்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில் செயலி வடிவமைப்பு தொடங்கியது.

சக்தி குழு ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்தது. மின்சுற்றை விவரிக்க புளூஸ்பெக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியைப் பயன்படுத்தியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அர்விந்தின் ஆய்விலிருந்து வளர்ந்த மொழி அது. அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். வழக்கமான முறையில் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் கவனித்து எழுத வேண்டிய சுற்றை, இம்மொழியில் விதிகளாக எழுதலாம். அதனால் குறைந்த ஆட்களைக் கொண்ட பல்கலைக்கழகக் குழுவும் பெரிய வடிவமைப்பைக் கையாள முடிந்தது.

எழுதிய வடிவமைப்பைப் பி.எஸ்.டி. மூன்றுவரி உரிமம் எனப்படும் தளர்வான திறந்த உரிமத்தில் குழு வெளியிட்டது. எவரும் அதை எடுத்து, மாற்றி, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் திட்டத்துக்கு நிதி வழங்கியது.

வகைகள்

ஒரே செயலியை எல்லா வேலைக்கும் பயன்படுத்த முடியாது. வண்டி இழுக்கவும் உழவும் வெவ்வேறு மாட்டைப் பழக்குவதுபோல, வேலைக்கேற்ப வெவ்வேறு வகைகளைச் சக்தி குழு வகுத்தது.

ஈ வகை மிகச் சிறியது. மூன்று படிகளில் கட்டளையை முடிக்கும். மீட்டர், உணர்வி, பொம்மை போன்ற கருவிகளுக்கு ஏற்றது.

சி வகை ஐந்து படிகள் கொண்டது. லினக்ஸ் போன்ற முழு இயங்குதளத்தைத் தாங்கும். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு உரியது. சக்தி சில்லுகளில் லினக்ஸ் இயக்கிக் காட்டியது இவ்வகையே.

ஐ வகை உயர்திறன் கொண்டது. கட்டளைகளை வந்த வரிசையில் செய்யாமல், எது தயாரோ அதை முதலில் செய்யும் முறை இதில் உண்டு. 1.5 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை இலக்கு வைக்கப்பட்டது. மேசைக்கணினிக்கு அடித்தளமாக அமையக்கூடியது இதுவே.

எம், எஸ், எச் வகைகள் பல கருக்களை ஒன்றிணைப்பவை. எம் வகையில் 8 கருக்கள் வரை இருக்கலாம். எஸ் வகை பணிநிலையங்களுக்கும் சர்வர்களுக்கும் உரியது. எச் வகை 128 கருக்கள் வரை கொண்டு மீக்கணினிக் கணக்குகளைச் செய்யத் திட்டமிடப்பட்டது.

இவை தவிர, நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அடையாளக்குறி இட்டுப் பாதுகாக்கும் டி வகையும், பிழை நேர்ந்தாலும் தொடர்ந்து இயங்கும் எஃப் வகையும் உள்ளன.

இப்பட்டியலை முழுமை பெற்ற பொருள்களின் பட்டியலாகக் கொள்ளக்கூடாது. கீழ்ப்படிகளில் உள்ள ஈ, சி வகைகள் சில்லாக வந்துவிட்டன. மேல்படிகள் பெரும்பாலும் வடிவமைப்பு நிலையிலும் இலக்கு நிலையிலும் உள்ளன.

இயங்கிய சில்லுகள்

சில்லு வார்ப்பதற்கு முன் வடிவமைப்பை எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் சோதிப்பர். தேவைக்கேற்ப உள்ளிணைப்புகளை மாற்றியமைத்து எந்தச் சுற்றாகவும் நடிக்க வைக்கக்கூடிய சில்லு அது. சக்தி குழு மாணவர்களும் வாங்கக்கூடிய பலகைகளில் இயங்கும் மூன்று அமைப்புகளை வெளியிட்டது. ஈ வகைக்குப் பினாகா, பரசு என்றும், சி வகைக்கு வஜ்ரா என்றும் படைக்கலப் பெயர்கள் சூட்டப்பட்டன.

2018 ஜூலையில் முதல் சில்லு பற்றிய அறிவிப்பு வந்தது. ரைஸ்கிரீக் என்னும் பெயர் கொண்ட அதன் 300 பிரதிகள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டன. அது ஏறத்தாழ 350 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதாவது ஒரு நொடிக்கு 35 கோடித் துடிப்பு. அதில் லினக்ஸ் இயங்கியது. அதே மாதம் 18, 19 நாள்களில் ரிஸ்க்-ஃபைவ் ஆய்வாளர்களின் பன்னாட்டுப் பயிலரங்கு சென்னை ஐ.ஐ.டி.யில் நடைபெற்றது.

வடிவமைப்பு இந்தியாவுடையது, வார்ப்பு வெளிநாட்டில் என்றால் பாதி வேலைதான் முடிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மொகாலி ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் ரிமோ என்னும் சில்லு வார்க்கப்பட்டது. அதன் வேகம் ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ். வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் வடிவமைப்பும் வார்ப்பும் இந்தியாவிலேயே நிகழ்ந்தன.

2020-இல் மௌஷிக் வெளிவந்தது. இதுவும் மொகாலியில் வார்க்கப்பட்டது. இதற்கான தாய்ப்பலகையையும் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்தது. அதற்கு ஆர்டோனிக்ஸ் 1.0 என்று பெயர். செயலியோடு அதைத் தாங்கும் பலகையும் உள்நாட்டில் வடிவமைக்கப்பட்டதால், தளம் என்னும் சொல்லுக்கு அருகே திட்டம் வந்தது.

2025 பிப்ரவரியில் ஐரிஸ் என்னும் சில்லு வெற்றிகரமாக இயங்கியதாக அறிவிக்கப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திருவனந்தபுரம் பிரிவுடன் இணைந்து, விண்கலங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக இது செய்யப்பட்டது. வடிவமைப்பு சென்னையில், வார்ப்பு மொகாலியில், உறையிடல் கர்நாடகத்தில், பலகைத் தயாரிப்பு குஜராத்தில், பாகங்களைப் பொருத்தும் வேலை சென்னையில் என எல்லாப் படிகளும் இந்தியாவிலேயே நடந்தன. விண்கலத்தில் இருக்கும் செயலி வேகத்தைவிட நம்பகத்துக்கே கடமைப்பட்டது. பழைய முறை ஆலையில் வார்த்த சில்லு அங்கே குறையாகாது.

வேகம் எங்கே தடைபடுகிறது

70 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கும் இன்றைய மேசைக்கணினிக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது. ஆப்பிள் எம்1 சில்லின் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 320 கோடித் துடிப்பு. இந்த இடைவெளிக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆலையின் நுணுக்கம். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். 180 நானோமீட்டர் முறை 1999 வாக்கில் உலகின் முன்னணி முறையாக இருந்தது. எம்1 சில்லு 5 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டு 1,600 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டுள்ளது. இந்த எண்கள் இன்று நேரடி அளவாக இல்லாமல் தலைமுறையின் பெயராகவே வழங்குகின்றன. ஆயினும் எண் குறையக் குறைய ஒரே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் அடங்கும் என்பது பொதுவான உண்மை.

ஆலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2000 மார்ச்சில் வந்த இன்டெல் பென்டியம் 3 செயலி இதே 180 நானோமீட்டர் தலைமுறையில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டியது. இங்கேதான் இரண்டாவது காரணமான உள்ளமைப்பு வருகிறது.

அருப்புக்கோட்டைத் தறிகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நூலுக்குச் சாயம் ஏற்றுவது, உலர்த்துவது, பாவு ஓடுவது, தறியில் பிணைப்பது, நெய்வது என ஒரு சேலை பல கைகளைக் கடந்து வருகிறது. எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் ஒரு சேலை முடிந்த பிறகே அடுத்த சேலைக்கு நூல் எடுக்க முடியும். வேலையைப் படிகளாகப் பிரித்தால் ஒருவர் நெய்யும்போதே மற்றவர் அடுத்த பாவை ஓட்டலாம். செயலியும் கட்டளைகளை இவ்வாறே படிகளாகப் பிரித்துச் செய்கிறது. ஒவ்வொரு படியும் சிறிதாக இருந்தால் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். சி வகையில் 5 படிகள். பென்டியம் 3 போன்றவற்றில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட படிகள். கட்டுப்பாட்டுக் கருவிக்காக வடிவமைத்த செயலியை மேசைக்கணினிக்காக வடிவமைத்த செயலியோடு வேகத்தில் மட்டும் ஒப்பிடுவது முறையாகாது என்பதும் இதனால் விளங்கும்.

படிகள் கூடினால் சிக்கலும் கூடும். ஒரு கட்டளையின் விடை கிடைக்காமல் அடுத்தது காத்திருக்க நேரும். ஒரு வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்து சேரக் காத்திருக்கும் நேரத்தில் உழவர் சும்மா இருப்பதில்லை. அடுத்த வயலில் களை எடுப்பார். ஐ வகைச் செயலியும் அவ்வாறே காத்திருக்கும் கட்டளையை ஒதுக்கிவைத்து, தயாராக உள்ளதைச் செய்யும். ஆனால் விடைகள் கடைசியில் சரியான வரிசையில் வந்து சேர வேண்டும். அந்தக் கணக்கைப் பிழையின்றி வைத்திருக்கும் சுற்றை வடிவமைப்பதும் சோதிப்பதும் கடினம்.

மூன்றாவது காரணம் நினைவகம். வீட்டில் அன்றாடச் சமையலுக்கான தானியம் அடுப்படிப் பானையில் இருக்கும். மாதத் தேவைக்கு உரியது குலுக்கையில் இருக்கும். ஆண்டுத் தேவை களஞ்சியத்தில் இருக்கும். ஒவ்வொரு வேளைக்கும் களஞ்சியத்துக்கு ஓடினால் சமையல் நடக்காது. செயலிக்கு மிக அருகே உள்ள கேஷ் நினைவகம் அடுப்படிப் பானையைப் போன்றது. வெளியே பலகையில் உள்ள நினைவகம் குலுக்கை, வட்டு களஞ்சியம். உயர்திறன் செயலியின் பரப்பில் பெரும்பங்கைக் கேஷ் நினைவகம் பிடித்துக்கொள்கிறது. நவீன நினைவகத்துடனும் வரைகலை அட்டையுடனும் வேகமாகப் பேசும் இணைப்புச் சுற்றுகள் தனித் திறமை கோருபவை. பல நிறுவனங்கள் அவற்றைத் தாமே செய்யாமல் உரிமம் கொடுத்து வாங்குகின்றன. கட்டளைத் தொகுதி திறந்ததாக இருந்தாலும் இவ்விடத்தில் மீண்டும் பிறரைச் சார வேண்டியுள்ளது.

பிற நாடுகளில் ரிஸ்க்-ஃபைவ் மேசைக்கணினி

ரிஸ்க்-ஃபைவ் கொண்டு மேசைக்கணினி செய்ய முடியும் என்பதைப் பிற நாட்டு முயற்சிகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் சைஃபைவ் நிறுவனம் 2020 அக்டோபரில் ஹைஃபைவ் அன்மேட்ச்டு என்னும் தாய்ப்பலகையை அறிவித்தது. சாதாரணக் கணினிப் பெட்டியில் பொருந்தும் அளவும், 16 கிகாபைட் நினைவகமும், வரைகலை அட்டை செருகும் இடமும் அதற்கு இருந்தன. 2023-இல் சீனாவிலிருந்து மில்க்-வி பயனியர் என்னும் பலகை 64 கருக்கள் கொண்ட செயலியுடன் வந்தது.

மென்பொருளும் வளர்ந்தது. டெபியன் லினக்ஸ் குழு 2023 ஜூலையில் ரிஸ்க்-ஃபைவை அதிகாரப்பூர்வக் கட்டமைப்பாக ஏற்றது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 அதற்கு முழு ஆதரவு தந்தது. சென்னையில் செய்த செயலியும் வெளிநாட்டில் செய்த செயலியும் ஒரே கட்டளைத் தொகுதியைப் பேசுவதால், ஒருவர் எழுதிய மென்பொருள் மற்றவருக்கும் பயன்படுகிறது. டிரான்ஸ்பியூட்டர் போன்ற தனிவழிச் செயலிகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

நாட்டளவிலான விரிவாக்கம்

சக்தி இந்தியாவின் ஒரே முயற்சி அன்று. திருவனந்தபுரம் சி-டாக் மையம் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் வேகா என்னும் செயலி வரிசையை உருவாக்கியது. அவ்வரிசையில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கருக்களும் கொண்ட துருவ்64 என்னும் 64 பிட் செயலி 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் மைய அரசு சுதேசி நுண்செயலிப் போட்டியைத் தொடங்கி, சக்தி, வேகா செயலிகளைக் கொண்டு கருவிகள் செய்ய மாணவர்களையும் புதுத்தொழில் முனைவோரையும் அழைத்தது. 2022 ஏப்ரலில் டிஐஆர்-வி என்னும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்த காமகோடி அதன் தலைமை வடிவமைப்பாளராக அறிவிக்கப்பட்டார்.

சக்தி ஆய்வகத்தில் பயின்றவர்கள் நிறுவனங்களும் தொடங்கினர். 2018-இல் இன்கோர் நிறுவனம் தோன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024 மே மாதம் 28 நானோமீட்டர் முறையில் 700 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட சில்லை வெளியிட்டது. 2024 மார்ச்சில் குஜராத்தின் தோலேராவில் 28 நானோமீட்டர் வரையிலான சில்லுகளை வார்க்கும் டாடா நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 அக்டோபரில், சர்வர்களுக்கான 7 நானோமீட்டர் செயலியைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்க உள்ளதாக மைய அமைச்சர் அறிவித்தார். 7 நானோமீட்டரில் வார்க்கும் ஆலை இந்தியாவில் இல்லை. எனவே அச்செயலியின் வார்ப்புக்கு வெளிநாட்டு ஆலையையே நாட வேண்டியிருக்கும்.

கல்வியில் பயன்

பாடநூலில் செயலியைக் கட்டப்படமாக மட்டுமே மாணவர்கள் பார்த்து வந்தனர். வணிகச் செயலிகளின் உள்ளமைப்பு மறைபொருள். சக்தியின் மூல வடிவமைப்பு திறந்திருப்பதால், பொறியியல் மாணவர் ஒருவர் கூட்டல் கட்டளை எந்தச் சுற்று வழியாகச் செல்கிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். ஒரு படியைக் கூட்டிப் பார்க்கலாம். கேஷ் நினைவகத்தின் அளவை மாற்றி வேகம் எவ்வாறு மாறுகிறது என்று கணக்கிடலாம். மாற்றியதை எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றி இயக்கலாம். இதற்குச் சில்லு ஆலையோ பெருஞ்செலவோ தேவையில்லை. பெருநகரக் கல்லூரிக்கு வெளியே, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவருக்கும் இந்த வழி திறந்துள்ளது.

இன்றைய நிலை

சக்தி திட்டம் தொடங்கியபோது இருந்த கேள்வி, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று முழு இயங்குதளம் ஓடும் செயலியை வடிவமைக்க முடியுமா என்பது. 2018-இல் அதற்கு விடை கிடைத்தது. அதை உள்நாட்டு ஆலையில் வார்க்க முடியுமா என்னும் கேள்விக்கு ரிமோவும், தாய்ப்பலகையோடு சேர்த்துச் செய்ய முடியுமா என்பதற்கு மௌஷிக்கும் விடை தந்தன. எல்லாப் படிகளையும் நாட்டுக்குள்ளேயே முடிக்க முடியும் என்பதை ஐரிஸ் காட்டியது.

கடையில் வாங்கி மேசையில் வைத்து, வேகமாக வேலை செய்யத்தக்க சக்திக் கணினி இன்னும் வரவில்லை. ஐ வகையையும் அதற்கு மேற்பட்டவற்றையும் நவீன முறையில் வார்ப்பது, நினைவகத்துக்கும் வரைகலைக்குமான இணைப்புகளைச் செய்வது, அன்றாட மென்பொருள்கள் அதில் தடையின்றி ஓடச் செய்வது ஆகிய மூன்றும் மீதமுள்ள வேலைகள். முதலாவதற்கு ஆலையும் பெருமுதலீடும் தேவை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவை. திறந்து வைக்கப்பட்ட வடிவமைப்பைப் படித்துப் பழகும் மாணவர்களிடமிருந்தே அந்த ஆட்கள் வர வேண்டும்.